சட்ட இலாகாவும் குடிஜனங்களும்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தியா சர்க்காரின் சட்ட விவகார இலாகா ஓர் உத்தரவை வெளியிட்டது. சர்க்கார் தொடுக்கும் வழக்குகளையும் சர்க்கார்மீது தொடுக்கப்படும் வழக்குகளையும் எவ்விதம் நடத்த வேண்டும் என்று மற்ற இலாகாக்களுக்கு வழி கூறும் உத்தரவு அது. அவசியமில்லாத அப்பீல்களைக் குறைக்க வேண்டும், வழக்குகளைக் கவனிக்க ஒவ்வோர் இலாகாவிலும் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பன போன்ற யோசனைகள் அதில் கண்டிருக்கின்றன. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய நல்ல நோக்கம் நமக்குப் புதிதன்று. 2010 ஜூன் மாதத்தில் அன்றைய சட்ட மந்திரி 'தேசிய வழக்குக் கொள்கை' என்று ஒன்றை ஆரவாரத்துடன் வெளியிட்டார். வழக்குகளின் சராசரி ஆயுளை 15 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைக்கப் போவதாக அதில் வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்கு என்னவாயிற்று என்பதைக் கோர்ட்டுப் படி ஏறி இறங்குகிற எந்தக் குடியானவரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆகையால் புதிய உத்தரவைக் கொண்டாடுமுன், அதை வெளியிட்ட இலாகா எந்தக் காரியத்துக்காக ஏற்பட்டது, யாருக்கு ஊழியம் செய்து பழகியது என்பதைச் சற்று விசாரிப்பது அவசியமாகிறது.

தில்லியிலுள்ள ஓர் இலாகாவின் பூர்வ சரித்திரம் அனுமந்தன்பட்டிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே வயல்களின் நடுவே இருக்கும் ஊர் அது. அவ்வூர்க் குடியானவரின் வயலுக்குத் தண்ணீர் ஒரு குத்தகைப் பத்திரத்தின் பலத்தில் வருகிறது. அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில், இந்தச் சீமையில், குற்றம் ஒன்றும் செய்யாதவர்களும் போலீஸாரிடம் கைரேகை வைக்க நேர்ந்தது ஒரு சட்டத்தினால். நெடுஞ்சாலைக்கு நிலம் போனால் அதற்கு என்ன விலை என்று நிர்ணயிப்பதும் சட்டமே. இவற்றை எழுதியவர்களும், இவற்றுக்குப் பொருள் கூறியவர்களும், இவற்றை வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாடியவர்களும் சர்க்காரின் சட்டக்காரர்கள். அவர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகவும் சொற்பம்.

இந்த இலாகாவின் வேர் 1833-ஆம் வருஷத்துச் சாசனச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் சென்னை, பம்பாய், வங்காளம் என்ற மூன்று மாகாணங்களும் தத்தமக்கு வேண்டிய ரெகுலேஷன்களைத் தாமே செய்து வந்தன. பிரிட்டிஷ் பார்லிமெண்டு அந்த அதிகாரம் முழுவதையும் எடுத்துக் கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அக்கவுன்சிலில் சட்டம் தெரிந்த நாலாவது மெம்பர் ஒருவரையும் அமர்த்தியது. அவரே சட்ட மெம்பர். தன் சட்டத்தைத் தான் செய்துகொள்ளும் உரிமையைச் சென்னை அன்று இழந்தது; 1861-ஆம் வருஷத்துக் கவுன்சில் சட்டத்தினால் அதில் ஒரு பங்கையேனும் திரும்பப் பெறுவதற்கு 28 ஆண்டுகள் சென்றன. மாகாணங்களின் கையிலிருந்ததைத் தலைநகரில் குவிக்கும் காரியத்தோடு கூடப் பிறந்தது இவ்விலாகா. மாகாண சுயாட்சியில் பற்றுள்ளவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

முதல் சட்ட மெம்பர் மெக்காலே. 1834 ஜூனில் அவர் சென்னையில்தான் கரை இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்தமையால், மெக்காலே பல்லக்கேறி மலைக்குப் போனார். இந்திய ஜனங்கள் எல்லாருக்கும் சட்டம் எழுத வந்தவருடைய முதல் பிரயாணம் இந்தியக் கூலிகளின் தோள்மேல் நடந்தேறியது. சட்டம் செய்யும் வேளை தவிர மற்ற வேளைகளில் சட்ட மெம்பருக்குக் கவுன்சிலில் வோட்டு இல்லை என்பது அந்நாளைய ஏற்பாடு. 1853-ல்தான் அவர் முழு மெம்பரானார். சட்டம் தெரிந்தவர் சட்டத்தின் வாசகத்தை எழுதித் தரலாம், சர்க்கார் செய்யும் காரியம் நியாயமானதா என்று கேட்கலாகாது என்பதே இதன் உட்பொருள். அந்தப் பிறவிக்குணம் இன்னும் முழுவதும் மாறிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்விலாகா நன்மை ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது அநியாயமாகும். மெக்காலேயின் தலைமையில் 1837-ல் நகல் செய்யப்பட்டு 1860-ல் சட்டமான பீனல் கோடு, 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், அதே வருஷத்துச் சாட்சியச் சட்டம் ஆகியவை தெளிவுக்கும் சுருக்கத்துக்கும் பேர்போனவை. வக்கீல் தொழிலில் இருப்பவர் எவரும் இதை மறுக்கமாட்டார். பீனல் கோடும் சாட்சியச் சட்டமும் 2024 ஜூன் 30 வரையில் நம்மை ஆண்டன. மறுநாள் வடமொழிப் பெயர் தாங்கிய புதுச் சட்டங்கள் வந்தன. பழைய 124-ஏ பிரிவு போய் 152-ஆவது பிரிவு வந்தது. அந்த மாற்றத்தில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு பெயர்ப்பலகை என்பது தனியே எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் சாட்சியச் சட்டத்தைச் செதுக்கிய கை வேறு எவற்றைச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1869-ல் சட்டமியற்றும் இலாகா தனி இலாகாவாயிற்று. அவ்வாண்டில் சட்ட மெம்பராக வந்த ஸ்டீபன் மூன்று வருஷங்கூட இங்கே தங்கவில்லை. அதற்குள் 1870-ல் ராஜத்துவேஷக் குற்றத்தைப் பீனல் கோட்டில் 124-ஏ என்று நுழைத்தார். 1908-ல் 'சுதேசமித்திரன்' ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டதும், வக்கீலான வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறை சென்று செக்கிழுத்ததும் அந்தப் பிரிவினாலேயே. 1871-ல், அதே மெம்பரின் காலத்தில், குற்றப் பரம்பரைச் சட்டம் நிறைவேறியது. ஒருவன் என்ன செய்தான் என்று பாராமல், யார் வயிற்றில் பிறந்தான் என்று பார்த்துக் குற்றவாளியாகப் பதிவு செய்வதற்கு அதில் இடம் இருந்தது.

அந்த 1871-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. 1911-ஆம் வருஷத்தில் அதைத் திருத்தி விரித்து எழுதியபோதுதான் வந்தது. மதுரைச் சீமையில் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிரமலைக் கள்ளர் சமூகத்தார்மீது அதைப் பிரயோகித்தார்கள். ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். வயது வந்த ஆண்மகன் போலீஸாரிடம் பத்து விரலையும் பதிய வேண்டும். ஊரைவிட்டு ஊர் போக உத்தரவு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்த போலீஸாரை ஊரார் எதிர்த்து நின்றபோது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற ஒரு பெண்ணும் உண்டு. அச்சமூகத்தாரின் உறவும் கிளையும் கம்பம் பள்ளத்தாக்கெங்கும் பரவியிருக்கின்றன. அவர்களுக்காக ஏற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்கூடங்களைத் தேனி ஜில்லாவிலும் காணலாம்.

வக்கீல் கண்ணுக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் உறுத்துவது வேறொரு ஷரத்து. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டால், அது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று அதில் எழுதி வைத்தார்கள். துப்பாக்கி சுட்டவர்களின் பாவம் ஒரு புறமிருக்கட்டும். அந்த ஷரத்தைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, ஓட்டை ஏதும் இல்லாதபடி வாசகம் திருத்தி எழுதிய சட்டக்காரனின் பாவத்துக்கு என்ன பெயர்? மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த ஷரத்தைத் தாண்டி ஒரு வழியும் இல்லாத நிலையிலும் அம்மக்களுக்காகக் கோர்ட்டிலும் வெளியிலும் வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவர்கள் அவரை அழைத்தார்கள். அவர் 1938-ல் காலமானார். சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாவதற்கு 1947 ஆயிற்று, தேசம் முழுவதும் ரத்தாவதற்கு 1952 ஆயிற்று.

இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காலத்து மிதவாதிகள் நம்பினார்கள். 1909-ல் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா முதல் இந்தியச் சட்ட மெம்பரானார். அடுத்த வருஷமே பத்திரிகைகளின் குரல்வளையைப் பிடிக்கும் 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டம் வந்தது. அவருக்குப் பின் சையத் அலி இமாம் வந்தார். மேலே சொன்ன 1911-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. இவர்கள் தேசத்துக்குத் துரோகம் நினைத்தவர்கள் அல்லர். யந்திரம் முன்பே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அதில் புதிதாக ஒரு பல்சக்கரத்தைப் பொருத்தினார்கள், அவ்வளவே. விலக்காக ஒருவரைச் சொல்லலாம். 1920-ல் சட்ட மெம்பரான தேஜ் பகதூர் சாப்ரு, தாமே ஒரு கமிட்டிக்குத் தலைமை வகித்து அந்த அச்சுச் சட்டத்தைப் பரிசீலித்து, 1922-ல் அது ரத்தாகும்படி செய்துவிட்டே விலகினார். துணிவுள்ளவர் அமர்ந்தால் அந்த இடத்திலிருந்தும் நல்லது செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. நம் சி. பி. ராமஸ்வாமி ஐயரும் 1931-ல் சிறிது காலம் அந்த ஸ்தானத்தில் இருந்தார். அதில் விசேஷமாகக் கூறுவதற்கு ஒன்றுமில்லை.

சர்க்காரின் சட்டக்காரர்கள் கருத்தூன்றி எழுதினால் எப்படி எழுதுவார்கள் என்பதற்கும் நம் பள்ளத்தாக்கே சான்று. இது தில்லி இலாகாவின் காரியம் அன்று, சென்னை சர்க்காரின் காரியம்; ஆனால் பத்திரத்தில் கட்சிக்காரராக நின்றவர் 'இந்தியா மந்திரி' என்று நம்மவர் வழங்கிய லண்டன் மந்திரியே. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி அவருக்கும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. சுமார் 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய் வாரம். காலம் 999 வருஷம். கர்னல் பென்னிகுயிக்கின் பெயரை நம் ஊர்களில் அறியாத குழந்தை இல்லை. 1895-ல் திறக்கப்பட்ட அணையைக் கட்டியவர் அவர். ஆனால் அந்தக் கல்லும் சுண்ணாம்பும் எந்தக் காகிதத்தின்மேல் நிற்கின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல், அனுமந்தன்பட்டி வயல்கள் உட்பட, அந்தக் காகிதத்தின் பாக்கியமே.

அக்காகிதத்தைக் கிழித்துவிட எத்தனை முயற்சிகள்! சென்னை சர்க்கார் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க விரும்பியபோது, பாசனத்துக்கென்று கொடுத்ததைப் பாசனத்துக்கே உபயோகிக்கலாம் என்று திருவிதாங்கூர் வழக்காடியது. மத்தியஸ்தர்கள் இருவரும் ஒத்துப்போகாமையால் மேல் மத்தியஸ்தரிடம் சென்று, 1941 மே மாதத்தில் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. 1970 மே 29-ல் எழுதிய புது உடன்படிக்கையில் வாரத்தை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்த பிறகே மின்சார உரிமை கிடைத்தது. பாசனத்தைத் தவிர வேறு உபயோகத்தைப் பற்றி 1886-ல் எழுதாமல் விட்டதற்கு 1970-ல் கொடுத்த விலை அது. பிறகு அணையின் பலத்தைப் பற்றிய வழக்கு வந்தது. 2006 பிப்ரவரி 27-ஆம் தேதி, நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்தலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள் கேரள சட்டசபை அதை வீணாக்க ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாடு மீண்டும் கோர்ட்டுக்குப் போனது. 1947-ல் பிரிட்டிஷ் மேலாதிக்கம் ஒழிந்தபோதே குத்தகையும் ஒழிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பில் வாதாடினார்கள். 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அவ்வாதத்தைத் தள்ளினார்கள். அது ராஜாக்களுக்குள் செய்துகொண்ட அரசியல் உடன்படிக்கை அன்று, சாதாரண ஒப்பந்தமே, ஆதலால் அழியவில்லை என்றார்கள். கேரளத்தின் சட்டத்தையும் செல்லாததாக்கினார்கள்.

அந்நிய சர்க்கார் தனக்கு வருமானம் தரும் நீருக்கு 999 வருஷம் நிலைக்கும்படி பத்திரம் எழுதியது. அதே சர்க்கார் தன் பிரஜையின் விரல் ரேகைக்கு, கோர்ட்டுக் கதவே திறக்காதபடி சட்டம் எழுதியது. இரண்டிலும் வாசகத்தில் பிழை இல்லை. யாருடைய லாபத்துக்கு எழுதினார்கள் என்பதிலே இருக்கிறது வித்தியாசம்.

1947 ஆகஸ்டு 15-ல் சட்டமியற்றும் இலாகா சட்ட மந்திரி இலாகாவாயிற்று. டாக்டர் அம்பேத்கர் முதல் மந்திரி. ஸ்ரீ கே. வி. கே. சுந்தரம் பத்தாண்டுக் காலம் காரியதரிசியாக இருந்து, பின்னர் தலைமைத் தேர்தல் கமிஷனராகவும் சட்டக் கமிஷன் தலைவராகவும் விளங்கினார். இத்தகையவர்கள் இருந்தும் இலாகாவுக்கு அதிகாரம் இருந்ததா? 1951-ல் ராஜினாமாச் செய்தபோது டாக்டர் அம்பேத்கர் தந்த விளக்கம் படிக்கத் தக்கது. சர்க்காரின் கொள்கையை வகுப்பதில் இவ்விலாகாவுக்கு இடமில்லை என்றும், கிழட்டு வக்கீல்கள் விளையாடுவதற்கு ஏற்ற காலிச் சோப்புப் பெட்டி என்று தாங்கள் அதை அழைப்பது வழக்கமென்றும் அவர் கூறினார். அரசியல் சாசனத்தின் நகலை எழுதிய குழுவுக்குத் தலைவராயிருந்தவர் வாயிலிருந்து வந்த சொல் இது.

பிற்காலத்தில் சட்ட மசோதாக்களை எழுதும் வேலை ஓர் இலாகாவுக்கும், ஆலோசனை கூறி வழக்கு நடத்தும் வேலை சட்ட விவகார இலாகாவுக்கும் பிரிந்தது. மற்ற இலாகாக்களுக்குச் சட்டப் பொருள் சொல்லுதல், பத்திரங்கள் எழுதுதல், வக்கீல்களை அமர்த்துதல் எல்லாம் இதன் கடமைகள். சென்னை, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் நகரங்களில் இதற்குக் கிளைக் காரியாலயங்கள் உண்டு. ஆக, இந்தியா சர்க்கார் என்னும் மகா பெரிய கட்சிக்காரரின் வீட்டு வக்கீல் இது. நல்ல வக்கீல் தன் கட்சிக்காரரிடம் முதலில் என்ன சொல்லுவார்? 'ஐயா, கேட்பவர் கேட்பது நியாயம். கொடுத்துவிடும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுவார். நமது புகார் எல்லாம், இவ்விலாகா அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்பதே.

அதற்குப் பதில், பழைய எஜமானனின் சலுகைகளை அது பத்திரமாகக் காத்து வைத்திருக்கிறது. அனுமந்தன்பட்டிக் குடியானவர் ஒருவருக்கு மத்திய சர்க்காரிடமிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்குள் அவர் பிராது கொடுத்துவிட வேண்டும், தவறினால் காலாவதி. அவரிடமிருந்து சர்க்காருக்கு வரவேண்டுமானால் 30 வருஷம் அவகாசம். வெள்ளைக்காரன் நாளில் 60 வருஷமாக இருந்ததை 1963-ல் பாதியாக்கியிருக்கிறார்கள். அதற்காக நாம் நன்றி செலுத்தத்தான் வேண்டும் போலும். பிராது கொடுக்குமுன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி தில்லியிலுள்ள காரியதரிசிக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் சர்க்கார் யோசித்து, நியாயமானதைக் கொடுத்துத் தீர்க்கட்டும் என்பது அப்பிரிவின் நோக்கம். யோசிக்கிறார்களா? 80-ஆவது பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1958-ல் கொடுத்த 14-ஆவது அறிக்கையிலேயே சிபாரிசு செய்தது. நம் சேலம் வக்கீல் சங்கத்தார் கொண்டு சென்ற வழக்கில், 2005-ல், பெரும்பாலான நோட்டீசுகளுக்குச் சர்க்கார் பதிலே போடுவதில்லை, போட்டாலும் மழுப்பலான பதில்தான் என்று சுப்ரீம் கோர்ட்டே வருந்தி, பதில் போடுவதற்கென்று பொறுப்பான உத்தியோகஸ்தரை நியமிக்குமாறு கட்டளையிட்டது. பதில் வராத நோட்டீஸின் நகலை மடியில் கட்டிக்கொண்டு உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வருகிறவர்களை நாம் இன்னும் பார்க்கிறோம்.

வழக்கு ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்பீல் தேனிக்கு, அங்கிருந்து மதுரை ஹைக்கோர்ட்டுக் கிளைக்கு, அங்கிருந்து தில்லிக்கு. அப்பீலில் டிக்ரியை நிறுத்தி வைக்கச் சாதாரண மனிதன் ஜாமீன் கட்ட வேண்டும். சர்க்கார் கட்ட வேண்டியதில்லை. காலம் கடந்துவிட்டாலோ, 'கோப்பு மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தது' என்ற ஒரே பல்லவி. 2012-ல் தபால் இலாகா 427 நாள் தாமதித்து வந்து இப்பல்லவியைப் பாடியபோது, காலவரம்புச் சட்டம் சர்க்காரையும் கட்டும் என்று சொல்லிச் சுப்ரீம் கோர்ட்டு கதவைச் சாத்தியது. நாட்டின் விடுதலைக்குச் சிறை சென்ற தியாகிகளின் பென்ஷன் விஷயத்திலும், கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கிடமில்லாத சாட்சியம் கேட்கலாகாது என்று 2001-ல் அதே கோர்ட்டு சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எண்பது வயதுக் கிழவரிடம் 1942-ஆம் வருஷத்து ஜெயில் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்பது எந்தத் தேசபக்தியோ நமக்கு விளங்கவில்லை.

நிலத்தின் கதை இதைவிடக் கசப்பானது. மற்றக் காரியங்களுக்கு நிலம் எடுத்தால் விலைக்கு மேல் நூற்றுக்கு 30 வீதம் ஆறுதல் தொகையும் வட்டியும் கொடுக்க வேண்டும் என்பது பழைய நிலமெடுப்புச் சட்டம். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் அவை இல்லை என்று 1997-ல் ஒரு பிரிவைச் செருகினார்கள். அதே வயல், அதே பம்புசெட்டு, அதே தென்னை. எடுக்கிற சர்க்காரின் காரியம் சாலை என்றால் குடியானவருக்கு ஆறுதல் வேண்டாமாம்! பஞ்சாப், ஹரியானாக் குடியானவர்களின் வழக்கில் 2019 செப்டம்பர் 19-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவு சமத்துவத்துக்கு விரோதம் என்று தள்ளுபடி செய்தது. அத்துடன் ஓய்ந்தார்களா? அந்தத் தீர்ப்பு இனிமேல் எடுக்கும் நிலத்துக்கே செல்லும் என்று சொல்லவேண்டுமென நெடுஞ்சாலை அதிகார சபை மனுப்போட்டது. 2025 பிப்ரவரி 4-ல் கோர்ட்டு அதையும் நிராகரித்தது. அதன் பிறகும் மறு ஆய்வுக்கு மனுச் சென்றது. திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகும் சாலையும் தேசிய நெடுஞ்சாலைதான். அதன் புறவழிகளுக்காக இருபோக நஞ்சையைக் கொடுத்தவர்கள் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். இந்தத் தொடர் அப்பீல்களின் பாரம் அவர்கள் தலையிலும் ஏறும்.

சர்க்கார் பணம் ஜனங்களின் பணம், எவன் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட முடியுமா, அப்பீல் செய்யாமல் விட்ட உத்தியோகஸ்தன்மீது நாளைக்கு லஞ்சக் குற்றம் வராதா என்று சிலர் கேட்பார்கள். இது அலட்சியமாகத் தள்ளத் தக்க கேள்வி அன்று. பொய்ப் பிராதுகள் உண்டு. கூட்டுச் சூழ்ச்சியால் பெறும் டிக்ரிகளும் உண்டு. உத்தியோகஸ்தனின் பயமும் உண்மையே. கையெழுத்திட்டுக் கொடுத்தவனைத் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். பத்து வருஷம் அப்பீலில் வைத்து வட்டியுடன் கொடுத்தவனை ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் அந்த முடிவை அவன் தலையில் வைக்காமல் சட்ட விவகார இலாகா ஏற்க வேண்டும் என்கிறோம். 'அப்பீல் வேண்டாம்' என்று அவ்விலாகா எழுதிவிட்டால் அது அந்த உத்தியோகஸ்தனுக்குக் கவசமாக வேண்டும். அதை மீறி அப்பீல் செய்கிற மந்திரி தமது காரணத்தைத் தம் கையாலேயே எழுதிப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும். 2025-ஆம் வருஷத்து உத்தரவுக்கு இந்தப் பலம் சேர்ந்தாலன்றி, 2010-ஆம் வருஷத்துக் கொள்கையின் பக்கத்தில் அதுவும் அலமாரியில் அமரும். நோட்டீசுக்கு இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் வழக்குச் செலவைத் தோற்றாலும் ஜெயித்தாலும் சர்க்காரே ஏற்பது என்று ஒரு விதி செய்யலாம். தமிழில் வந்த நோட்டீசுக்குச் சென்னையிலுள்ள கிளைக் காரியாலயமே தமிழில் பதில் எழுதலாம். நம் கீழ்க் கோர்ட்டுகளின் பாஷை தமிழ் என்பது 1976-லேயே சட்டமாகிவிட்டது.

எல்லாவற்றினும் பெரிய பாக்கி ஒன்றிருக்கிறது. கல்கத்தாவில் கித்தர்பூர் சர்க்கார் துறைமுகத்தில் கூலியாட்கள் தூக்கிச் சென்ற இரும்புத் துண்டு கீழே விழுந்து, அந்த ஓசையில் மிரண்ட வண்டிக் குதிரை ஒன்று காயப்பட்டது. ஒரு கப்பல் கம்பெனியின் குதிரை அது. 350 ரூபாய் நஷ்டத்துக்காக அக்கம்பெனி தொடுத்த வழக்கில், வியாபாரம் போன்ற காரியத்தில் நேர்ந்த தவறுக்குச் சர்க்கார் பொறுப்பு, அரசாளும் காரியத்தில் நேர்ந்ததற்குப் பொறுப்பில்லை என்று 1861-ல் கல்கத்தாக் கோர்ட்டு ஒரு கோடு கிழித்தது. குதிரைக்கு நஷ்டஈடு கிடைத்தது. 1947-ல் மீரத்தில் ஒரு வியாபாரியைப் போலீஸார் சந்தேகத்தின்பேரில் பிடித்து, அவருடைய தங்கத்தை எடுத்து வைத்தார்கள். குற்றமற்றவர் என்று விட்ட பிறகு கேட்டால், 103 தோலாத் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார் என்றார்கள். போலீஸார் பிடிப்பது அரசாளும் காரியம். ஆகவே சர்க்கார் பொறுப்பில்லை என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு, மனமில்லாமலே, அந்தப் பழைய கோட்டைப் பின்பற்றிச் சொன்னது. சட்டசபைகள் இதற்கு ஒரு சட்டம் செய்ய வேண்டும் என்றும் எழுதியது. அதற்கு முன்பே, 1956-ல், சட்டக் கமிஷன் ஏற்பட்டவுடன் கொடுத்த முதல் அறிக்கையே இந்த விஷயத்தைப் பற்றியது. 1967-ல் ஒரு மசோதாவும் பார்லிமெண்டில் வந்து, நிறைவேறாமலே காலாவதியாயிற்று. இடையில் கோர்ட்டுகள் தாமே கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோட்டை அழித்து வருகின்றன. சட்டம் மட்டும் வரவில்லை. கமிஷன் அறிக்கையும், அம்மசோதாவின் வாசகமும் சட்ட மந்திரியின் காரியாலயத்திலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்து மேஜைமேல் வைப்பதற்குப் புதிதாக ஒரு கமிட்டி தேவையில்லை.